‘கன்னியாகுமரியில் முன் ஆய்வு இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

ஆய்வேட்டுக் காலம் வந்துவிட்டால் முதுநிலை மருத்துவ மாணவர்கள் இரண்டு மூன்று பேராவது நாகர்கோவிலில் என் வீட்டைத் தேடி வந்துவிடுவார்கள். மருத்துவ நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பழைய இதழ்க் கட்டுரைகளைத் துருவி எடுத்துத் தருவான் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர்கள் மடிக்கணினியைத் திறந்து தேடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே கோளாறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்வார்கள்.

எழுத்துப்பிழையோடு தேடுவது, முடிவுகளைச் சேமிக்காமல் மூடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும். பட்டதே தெரியாமல் போகும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இன்றைய பெயரில் தேடிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுவது

வாய்ப்புற்றுநோய் பற்றி ஆய்வேடு எழுதிய ஒரு மருத்துவருக்காகப் பப்மெட் என்னும் மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடினேன். கன்னியாகுமரி என்று போட்டேன், ஓரல் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று போட்டேன். அண்மைக்காலக் கட்டுரைகள் சில வந்தன. பழையவை ஒன்றுகூட இல்லை. ‘இம்மாவட்டத்தில் இப்பொருள் குறித்து முன்னோடி ஆய்வுகள் கிடைக்கவில்லை’ என்ற வாக்கியத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாராம்: “அப்படியானால் டாக்டர் ஐ. எம். ஓர் (Orr) நெய்யூரில் என்ன செய்துகொண்டிருந்தார்?”

அந்த டாக்டர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குப் போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றுநோயைப் பற்றி 1933-இல் லான்செட் என்னும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியவர். உலகம் முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. நாங்கள் உட்கார்ந்து தேடிய இடத்தில் இருந்து நெய்யூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஆய்வேடு திருப்பி அனுப்பப்பட்டது. அதை எழுதிய மருத்துவருக்கு ஆறு மாதம் போயிற்று. இப்போதும் கிறிஸ்துமஸ் தோறும் மறக்காமல் கேக் கொடுத்தனுப்புகிறார். எனக்குத்தான் அது தொண்டையில் இறங்குவதில்லை.

எங்கே தவறினேன்? கன்னியாகுமரி மாவட்டம் என்ற ஒன்று 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன் கிடையாது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அதுவரை திருவிதாங்கூரில் இருந்தன. 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. பிறக்காத மாவட்டத்தின் பெயரை 1933-இல் எழுதியவர் எப்படிப் போடுவார்? என் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் தாத்தா காலத்துப் பத்திரங்களில் திருவிதாங்கூர் முத்திரைதான் இருக்கிறது. அவற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கே அன்று தோன்றவில்லை.

ஆங்கிலத்தில் ‘ட்ராவன்கூர்’ என்று தேடியிருந்தால், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1908-இல் டபிள்யூ. சி. பென்டால் எழுதிய கட்டுரையாவது கிடைத்திருக்கும். திருவிதாங்கூரில் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பு அது. அந்த இதழின் 1840 முதலான பழைய தொகுதிகளை ஸ்கேன் செய்து பப்மெட் சென்ட்ரல் என்னும் முழுக்கட்டுரைக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஆகவே ஊர்ப் பெயர்களின் பழைய ஆங்கில வடிவங்களையும் ஒன்றுவிடாமல் போட்டுப் பாருங்கள்: கேப் காமரின், ட்ரிவாண்ட்ரம், க்விலான். நெய்யூரை ஒரு ‘ஒய்’ போட்டும் தேடுங்கள், இரண்டு போட்டும் தேடுங்கள்.

நோயின் பெயரும் காலத்துக்குக் காலம் மாறும். அந்தக் காலத்து மருத்துவர் எபிதீலியோமா என்பார், அல்லது வெறுமனே கன்னத்துப் புற்று என்பார். காசநோய்க்குத் தைசிஸ், டைபாய்டுக்கு என்டரிக் ஃபீவர், போலியோவுக்கு இன்ஃபன்டைல் பராலிசிஸ். பப்மெட் கட்டுரைகளை வகைப்படுத்தும் மெஷ் என்னும் தலைப்புச்சொல் பட்டியலே 1960-இல்தான் வந்தது. அதற்கு முன் எழுதியவர்கள் நம் பட்டியலைப் பார்த்துக்கொண்டா எழுதினார்கள்?

இரண்டு பெயர்களையும் சரியாகப் போட்டிருந்தாலும் 1933 கட்டுரை அன்று என் கையில் அகப்பட்டிருக்காது. பப்மெட்டுக்கு அடிப்படையான மெட்லைன் தொகுப்பு பின்னோக்கி 1946 வரைதான் போகிறது. அதற்கும் பழையவை பப்மெட்டில் தென்பட்டால், அவை பெரும்பாலும் ஸ்கேன் செய்யப்பட்ட சில இதழ்களின் வழியே வந்தவை; லான்செட் அதில் சேராது. 1927 முதல் 1956 வரைக்கு குவாட்டர்லி கியூமுலேட்டிவ் இண்டெக்ஸ் மெடிகஸ் என்னும் அச்சிட்ட கட்டுரை அட்டவணைத் தொகுதிகளைப் புரட்ட வேண்டும். அதற்கும் முந்தைய காலத்துக்கு 1879-இல் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிகஸ் இருக்கிறது. மாணவர்களிடம் இதைச் சொன்னால், “சார், அதெல்லாம் புத்தகமாயிற்றே!” என்கிறார்கள். ஆமாம், புத்தகம்தான்.

சில நேரம் ஊர்ப் பெயரைவிட ஆள் பெயர் கைகொடுக்கும். எவரெஸ்ட் ஏற 1922-லும் 1924-லும் போன சாமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தார். டியோடினல் அல்சர் என்னும் குடற்புண்ணைப் பற்றி அவரும் மேலே சொன்ன டாக்டர் ஓரும் சேர்ந்து 1936-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் எழுதினார்கள். ஊரில் யார் வேலை பார்த்தார்கள் என்று பெரியவர்களிடம் விசாரித்துவிட்டு, அந்தப் பெயர்களை ஆசிரியர் புலத்தில் தேடுவது என் வழக்கம். மிஷன் மருத்துவமனை இருந்த ஊர்களுக்கு இந்த வழி அருமையாக வேலை செய்கிறது.

இத்தனைக்கும் பிறகும் கிடைக்கவில்லை என்றால், எந்தத் தளத்தில், எந்தச் சொற்களால், எந்த ஆண்டு வரை தேடினோம் என்று எழுதுங்கள். ‘ஆய்வு இல்லை’ என்று எழுதாதீர்கள். அந்த இரண்டு சொற்களை இன்றும் யாராவது எழுதிக்கொண்டு வந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது.

லான்செட்டின் தொகுதி எண்ணைத் ‘திருத்துவது’

பழைய குறிப்புகளில் மேற்சொன்ன கட்டுரை 1933, தொகுதி 2, பக்கம் 575 என்று இருக்கும். அந்தக் காலத்தில் ஆண்டுக்கு இரண்டு தொகுதி, ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். இணையத்தில் தொடர் எண் கொடுத்துவிட்டதால் அதே தொகுதி 222 ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றே. ஒரு மாணவி பாதியை மாற்றிவிட்டுப் பாதியை விட்டுவிட்டார். ஒரே கட்டுரை அவருடைய பட்டியலில் இரண்டு கட்டுரைகளாக உட்கார்ந்துகொண்டது. ஏதாவது ஒரு முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுச் சுருக்கம் உள்ளவற்றை மட்டும் பார்ப்பது

1975-க்கு முந்தைய பதிவுகளில் பொதுவாகச் சுருக்கம் இருக்காது. வடிகட்டியை நீக்குங்கள்.

கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக எண்ணுவது

திருவிதாங்கூர் அரசின் பழைய அறிக்கைகளில் 1108 என்று கண்டால் அது அறிக்கை எண்ணும் இல்லை, அச்சுப்பிழையும் இல்லை. மலையாள ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டு 1108, அதாவது 1932 ஆகஸ்டு முதல் 1933 ஆகஸ்டு வரை. சிங்க மாதத்தில் (நம் ஆவணி) தொடங்கும் ஆண்டு என்பதால் ஒரே எண்ணைக் கூட்டி முடித்துவிட முடியாது. மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்டுங்கள். நம் பாட்டிமார் பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்வார்கள்.

ஓசிஆர் படித்ததை வேதவாக்காக எடுத்துக்கொள்வது

கனமான பைண்டு தொகுதியை விரித்து ஸ்கேன் செய்தால், நடு மடிப்பை ஒட்டிய எழுத்துகள் வளைந்துவிடும். ஸ்கேன் படத்தில் இருந்து எழுத்துகளைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் அவற்றைத் தன் இஷ்டத்துக்குப் படிக்கும். வரி முடிவில் உடைந்த சொல் அதற்கு இரண்டு சொல். ‘ட்ராவன்’ ஒரு வரியிலும் ‘கூர்’ அடுத்த வரியிலும் இருந்தால் தேடலில் அது திருவிதாங்கூர் ஆகாது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த தாளில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசமே தெரியாது. எண்களை மட்டுமாவது பக்கத்தின் படத்தோடு வைத்துக் கண்ணால் ஒப்பிடுங்கள். ஸ்கேனை 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) குறையாமல் எடுங்கள். பொடி எழுத்தென்றால் 400.

அட்டைகளையும் விளம்பரத் தாள்களையும் பைண்டு செய்பவர் கிழித்துவிட்டிருப்பார். இதழின் எண்ணும் மாதமும் பல நேரம் அட்டையில்தான் இருக்கும். கிழிக்காமல் விட்ட பிரதி கிடைத்தால் முதலில் அட்டையை ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் ஆயிற்று என்று மூலப்பிரதியை எடைக்குப் போடுவது

போடலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். பதில் கோபமாக வரும்.