கோடிங் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரைக்கு என் சித்தி மகள் குளித்தலையிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குள்ள கட்டினா பாதி ஃபீஸ்தானாம். மாசம் நாலாயிரம் இஎம்ஐ. வேலைக்கு அவங்களே கேரண்டி. கட்டிடட்டுமாக்கா?" பி.எஸ்சி. கணிதம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் சும்மா இருக்கிறோமே என்ற தவிப்பு குரலிலேயே தெரிந்தது. "இப்ப கட்டாதே. முப்பது நாள் கழிச்சுக் கட்டிக்கலாம். அதுக்குள்ள நான் சொல்றதை மட்டும் செய்" என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

இதே மாதிரி ஒரு பன்னிரண்டு மணிக் கெடுவில் 2022-இல் நான் பணம் கட்டினேன். அப்போது கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். டேலி, எக்செல், பேக்கிங் லிஸ்ட், இதுதான் வேலை. சம்பளம் 13,000. கோர்ஸ் 60,000 என்றார்கள். கையெழுத்துப் போடும் நேரத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 70,800 ஆனது. மாதம் 5,900, பன்னிரண்டு மாதம். நேரலை வகுப்பில் ஒரே சமயத்தில் நானூறு பேர் இருப்போம். சந்தேகத்தை சாட்டில் போட்டால் அடுத்த நொடியே மேலே ஓடிப்போய்விடும். மூன்றாவது மாதம் எனக்குப் பாடம் அறுந்துபோனது. அப்பத்தா இறந்து பத்து நாள் வகுப்புக்குப் போகவில்லை. 90 சதவீத வருகை இருந்தால்தான் வேலை உத்தரவாதம் செல்லும் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தேன். தவணை மட்டும் ஒரு மாதம்கூடத் தவறாமல் போனது.

அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை மொத்தச் செலவு 7,449 ரூபாய். 2024-இல் கோயம்புத்தூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வெப் டெவலப்பராகச் சேர்ந்தேன். அந்த 7,449-ஐ எதற்குக் கொடுத்தேன், எதற்குக் கொடுக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். வீடியோவுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நாம் எழுதிய நிரலை, அதாவது கோடை (code), ஒரு மனிதர் படித்துப் பார்த்துத் திருத்துகிறார் என்றால், அதற்குக் கொடுக்கலாம்.

முதலில் வேலை விளம்பரம், அப்புறம் கோர்ஸ்

கோர்ஸ்களைத் தேடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் நீங்கள் போய் இருக்கக்கூடிய ஊரைப் போட்டு, இரண்டு வருடத்துக்குள் அனுபவம் கேட்கும் விளம்பரங்களை முப்பது எடுத்துப் படியுங்கள். என்னென்ன கேட்கிறார்கள் என்று பெயரெழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கோடு போட்டு எண்ணுங்கள். கோயம்புத்தூருக்கு நான் எண்ணியபோது ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், எஸ்க்யூஎல், கிட் ஆகியவற்றுக்கு எதிரே ஐந்தைந்தாகக் கட்டு விழுந்தது. நான் 70,800 கட்டிய கோர்ஸில் மூன்று வாரம் நடத்திய பிளாக்செயினுக்கு எதிரே ஒரு கோடுகூட இல்லை. ஒரு மாலை நேர வேலைதான். இதை முன்பே செய்திருந்தால் அந்தப் பாடத்திட்டத்தைப் பார்த்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

முப்பது நாள் இலவசமாகவே படியுங்கள்

இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்பது, நிரல் தப்பாகும்போது கணினி காட்டும் பிழைச் செய்தியோடு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்தால்தான் தெரியும். எந்த விற்பனைப் பிரதிநிதியாலும் அதைச் சொல்ல முடியாது. அதற்குத்தான் இந்த முப்பது நாள்.

நான் தொடங்கியது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் அறிமுகக் கோர்ஸான சிஎஸ்50. டேவிட் மாலன் நடத்துகிறார். முழுக்க இலவசம். பயிற்சிகளையும் கடைசி பிராஜெக்டையும் முடித்துக் கொடுத்தால் அவர்கள் தளத்திலேயே சான்றிதழும் இலவசம். எடெக்ஸ் என்ற கோர்ஸ் தளம் வழியாக வாங்கும் சான்றிதழுக்குத்தான் பணம். நிரல் எழுதுவது பிரவுசருக்குள்ளேயே என்பதால் பிளஸ் டூவில் கிடைத்த அரசு மடிக்கணினியே எனக்குப் போதுமாக இருந்தது.

தொடக்கத்திலேயே சி மொழியில் ஒரு பயிற்சி வரும். மேரியோ விளையாட்டில் வருவது போல # குறியால் ஒரு படிக்கட்டு வரைய வேண்டும். உயரம் நான்கு என்றால் முதல் வரியில் மூன்று இடைவெளி, ஒரு #. அடுத்ததில் இரண்டு இடைவெளி, இரண்டு #. பார்க்க அவ்வளவுதான். எனக்கு இரண்டு இரவு ஆனது. நான்கு கேட்டால் ஐந்து வரி வந்துகொண்டே இருந்தது. விடையைச் சரிபார்க்க அவர்களே ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். சரியாக இருந்தால் பச்சையில் சிரித்த முகம், தப்பென்றால் சிவப்பில் சுளித்த முகம். வரிசையாகச் சிவப்பு. கடைசியில் நோட்டில் பென்சிலால் ஒவ்வொரு சுற்றாக எழுதிப் பார்த்தேன். எண்ணுவதை 0-இல் தொடங்கிவிட்டு, உயரம் வரைக்கும் போ என்று எழுதியிருந்தேன். 0, 1, 2, 3, 4, ஆக ஐந்து. ஒரே ஒரு குறியை மாற்றியதும் எல்லாம் பச்சையானது. மணி இரவு ஒன்றேகால். அடுப்படியில் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். இந்த வேலை எனக்கு வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறுதியானது. அந்த இரண்டு இரவும் உங்களுக்கு வெறுப்பை மட்டுமே தந்தால் அதுவும் நல்லதுதான், எழுபதாயிரம் மிச்சம்.

ஆங்கிலத்தில் விரிவுரை கேட்பது கஷ்டமாக இருந்தால் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகம் தரும் பைத்தான் கோர்ஸைப் பாருங்கள். வீடியோவைவிட வாசிப்பும் பயிற்சியும்தான் முக்கியம். நிதானமாகப் படிக்கலாம், டேட்டாவும் அதிகம் தீராது. இணையப் பக்கம் உருவாக்கும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் ஃப்ரீகோட்கேம்ப். இதுவும் இலவசம், லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துவது.

நம் ஊரில் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளம் இருக்கிறது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது. ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய சுற்றுகள் தொடங்கும். படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம். நான் எழுதியபோது 1,000 ரூபாய். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும், நான் திருச்சியில் எழுதினேன். புதிதாக வருபவர்கள் ஐஐடி ரோபாரின் சுதர்ஷன் ஐயங்கார் நடத்தும் பைத்தான் பாடத்தில் தொடங்கலாம். சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் எட்டு வாரம்தான், ஆனால் கனமானது. நான் எடுத்தது அது. சிஎஸ்50 முடித்தபின் போனதால்தான் தாக்குப்பிடித்தேன். நேரே அதில் குதிக்காதீர்கள்.

தமிழில் படிக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. தாராளமாக. லூப், ஃபங்ஷன் போன்றவை தலையில் ஏறும் வரை தாய்மொழியில் கேட்பது பெரிய உதவி. கணியம் அறக்கட்டளையின் இலவச மின்னூல்கள் இருக்கின்றன. சென்னையிலிருந்து நடக்கும் குவி (GUVI) என்ற தளத்தில் தமிழ்க் கோர்ஸ்கள் இருக்கின்றன. ஆனால் முதல் நாளிலிருந்தே பிழைச் செய்திகளை ஆங்கிலத்தில் முழுதாகப் படித்துப் பழகுங்கள். அங்கே வருவது சுற்றிச் சுற்றி ஐம்பது அறுபது சொற்கள்தான். வேலைக்குப் போனபின் ஆவணங்கள் எல்லாம் அந்த மொழியில்தான் இருக்கும்.

பணம் கட்டுவது எதற்கு

முப்பது நாள் தாண்டியும் உட்கார முடிகிறது என்றால், இப்போது பணத்தைப் பற்றி யோசிக்கலாம். நான் 6,000 கொடுத்தது சென்னையிலிருந்து ஆன்லைனில் நடத்திய ஓர் ஆசிரியருக்கு. பன்னிரண்டு பேர் கொண்ட பேட்ச், இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை, மூன்று மாதம். எழுதிய நிரலை கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் ஏற்றிவிட்டால் மறுநாளுக்குள் படித்துவிட்டுக் குறிப்பு எழுதுவார்.

பிராஜெக்டாக எனக்குத் தெரிந்த வேலையையே எடுத்தேன். ஏற்றுமதிப் பெட்டிகளின் கனஅளவைக் கணக்கிட்டு, கண்டெய்னரில் எத்தனை பெட்டி போகும் என்று சொல்லும் ஒரு பக்கம். 60, 40, 40 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 0.096 கனமீட்டர், 250 பெட்டிக்கு 24. அலுவலகத்தில் எக்செல்லில் தினமும் போட்ட கணக்கு. விடை சரியாக வந்தது. பெருமையோடு ஏற்றினேன். அவர் குறிப்பு இரண்டே வரி: "விடை சரிங்க. ஆனா 60, 40, 40-னு பதினோரு இடத்தில டைப் பண்ணியிருக்கீங்க. நாளைக்கு பையர் பெட்டி அளவை மாத்தினா என்ன பண்ணுவீங்க?"

பையர், அதாவது சரக்கை வாங்குபவர், பெட்டி அளவை மாற்றுவது எங்கள் அலுவலகத்தில் மாதம் ஒரு முறையாவது நடக்கும். ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகத் திருத்தியிருக்கிறேன். மாறக்கூடியதை ஓர் இடத்தில் மட்டும் வை என்பதை எத்தனை வீடியோவில் கேட்டிருப்பேன்! அந்த இரண்டு வரி வரும் வரை எனக்கு அது உறைக்கவில்லை. நேர்காணலிலும் பாதி நேரம் அந்தப் பெட்டிக் கணக்கைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அதனால் எந்தக் கோர்ஸாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் கோடை யார் படிப்பார், எத்தனை நாளில் பதில் வரும், அவர் ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்? எண்ணைச் சொல்லாமல் "மென்டார் சப்போர்ட் உண்டு மேடம்" என்று மட்டும் சொன்னால் அடுத்த இடத்தைப் பாருங்கள். இரண்டாவது, ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அறிமுகக் கூட்டம் வேண்டாம், நடந்துகொண்டிருக்கும் வகுப்பு. மூன்றாவது, லிங்க்ட்இன்னில் அந்தக் கோர்ஸின் பெயரைப் போட்டுத் தேடி, ஒரு வருடம் முன் முடித்த மூன்று பேருக்கு நீங்களே எழுதுங்கள். அவர்கள் தளத்தில் படம் போட்டவர்களுக்கு வேண்டாம். எனக்கு இரண்டு பேர் பதில் எழுதினார்கள், ஒருவர் போனிலேயே பேசினார்.

பாடம் பழையதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி. பைத்தான் கோர்ஸின் மாதிரி வீடியோவில் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ரியாக்ட் கோர்ஸில் ஹூக்ஸ் என்ற சொல்லே இல்லாமல் கிளாஸ் கம்போனென்ட் மட்டும் இருந்தால் அது 2019-க்கு முந்தைய பாடம். கோர்ஸ் விற்கும் தளமான யூடெமியில் கடைசியாகப் புதுப்பித்த மாதம் தலைப்புக்குக் கீழேயே இருக்கும். அங்கே மூவாயிரத்துச் சொச்சம் என்று காட்டும் விலையில் யாரும் வாங்க வேண்டாம். அடிக்கடி தள்ளுபடி வரும், என் ரியாக்ட் கோர்ஸ் 449-க்கு வந்தது. பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இஎம்ஐ என்பது கடன். கோர்ஸ் நடத்துபவர் வேறு, கடன் கொடுப்பவர் வேறு. வகுப்பு மோசம் என்று நீங்கள் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. தவறினால் சிபில் மதிப்பெண் விழும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னே வந்து நிற்கும். கையெழுத்துக்கு முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் விலகினால் எவ்வளவு திரும்ப வரும், வேலை உத்தரவாதத்தின் நிபந்தனைகள் என்னென்ன. வாட்ஸ்அப் குரல் செய்தி போதாது, மின்னஞ்சலில் வர வேண்டும்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் பதறித் தவணையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் விலகும் கெடு முடிந்துவிட்டதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கெடு இன்னும் முடியவில்லை என்றால் இன்றைக்கே விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரு நகல். விளம்பரம், வாக்குறுதி, உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேலும் போக வேண்டியிருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இது எனக்கு அப்போது தெரியாது.

சித்தி மகள் இன்னும் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. நேற்று இரவு படிக்கட்டின் படத்தை அனுப்பியிருந்தாள். அவளுக்கும் ஒரு வரி கூடுதலாக வருகிறது. நான் விடையைச் சொல்லவில்லை, பென்சிலும் நோட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.