வீட்டில் பார்க்க ஒரு படத்தைப் பரிந்துரைப்பது எப்படி?

"பார்ப்பதற்கு ஏதாவது நல்ல படம் இருந்தால் சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால், நம்மில் பெரும்பாலோர் கடைசியாகப் பார்த்து ரசித்த படத்தின் பெயரை உடனே சொல்லிவிடுகிறோம். கேட்டவர் அந்தப் படத்தை அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டார் என்று பின்னர் தெரியவரும்போது, அவருடைய ரசனையின் மீது பழியைப் போடுகிறோம். உண்மையில், அவர் யாருடன் அமர்ந்து, எந்த நேரத்தில், எந்த மனநிலையில் அதைப் பார்க்கப் போகிறார் என்பதை நாம் விசாரிக்கவே இல்லை. திரையரங்குக்குச் செல்பவர் நேரத்தை ஒதுக்கிக்கொண்டு, இருட்டில், வேறு வேலை எதுவுமின்றி அமர்கிறார். வீட்டில் பார்ப்பவருக்குத் தொலைபேசி அழைப்பு வரும், உறங்கிய குழந்தை எழுந்துவிடும், சற்றே அலுப்புத் தட்டினாலும் வேறு படத்துக்கு மாறிவிடும் வசதி கையிலேயே இருக்கும். இந்தச் சூழலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எனவே பெயரைச் சொல்வதற்கு முன் இரண்டு மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். தனியாகப் பார்க்கிறாரா, வயதானவர்களோ சிறுவர்களோ உடன் இருப்பார்களா, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பவை எல்லோருக்கும் தோன்றும் கேள்விகள். அவற்றைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: அண்மையில் எந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தினீர்கள், ஏன்? பிடித்த படங்களைக் கேட்டால் பலரும் ஏற்கெனவே புகழ்பெற்ற பெயர்களையே சொல்வார்கள். பாதியில் நிறுத்தியதற்கான காரணத்தைச் சொல்லும்போதோ, வன்முறையைத் தாங்க முடியவில்லை, யார் யாரென்றே புரியவில்லை, ஒரு மணி நேரமாகியும் கதை தொடங்கவில்லை என்று அவருடைய பொறுமையின் எல்லை நமக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வருத்தமான நிகழ்விலிருந்து. தோழி ஒருத்தி, மனம் லேசாகும்படி ஒரு படம் சொல் என்று கேட்டபோது, நான் மிகவும் நேசித்த ஒரு குடும்பப் படத்தைச் சொன்னேன். படத்தின் பெரும்பகுதி சிரிப்பும் பாசமுமாகத்தான் போகும். ஆனால் தொடக்கத்தில் மருத்துவமனைப் படுக்கையில் ஒரு தந்தை இறக்கும் காட்சி இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. அவளுடைய தந்தை இறந்து அப்போது நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. மறுநாள் அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை; "அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அன்று முதல், மரணம், நோய், குழந்தைகளுக்கு நேரும் தீங்கு, பாலியல் வன்முறை ஆகியவற்றில் எது படத்தில் இருந்தாலும் முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அதனால் கதையின் சுவை குறைந்துவிடும் என்று யாரும் என்னிடம் குறைபட்டதில்லை.

அப்படியானால் கதையை எவ்வளவு சொல்லலாம்? முதல் கால் மணி நேரத்துக்குள் படமே வெளிப்படையாகச் சொல்லிவிடுவதைச் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. இந்த அளவில் நிற்பதும் அவ்வளவு எளிதன்று. 1955ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் படமான 'லே டியபோலிக்', முடிவைப் பிறரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று திரையிலேயே வேண்டிக்கொண்டுதான் முடிகிறது. நாம் முடிவைச் சொல்வதில்லை என்றாலும், "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது, அதுவரை பொறுத்திரு" என்று சொல்லிவிடுகிறோம். இதைக் கேட்டவர் முதல் காட்சியிலிருந்தே ஒவ்வொருவரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார், பாதி வழியிலேயே விடையை ஊகித்தும் விடுவார். திருப்பம் இருக்கிறது என்பதையும் மறைத்துவிடுவதே நல்லது.

கதைக்குப் பதிலாக எதைச் சொல்வது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். '12 ஆங்ரி மென்' படத்தைப் பற்றி "அருமையான படம், தவறவிடாதீர்கள்" என்று சொன்னால் கேட்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "1957இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், 96 நிமிடங்கள்தான். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனின் உயிர், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு நடுவர்களின் (ஜூரிகளின்) முடிவில் தொங்குகிறது. அவர்களில் பதினொருவர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் பேசிப் பார்ப்போம் என்கிறார். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறைக்குள் நடக்கிறது, எல்லாமே பேச்சுத்தான். வாக்குவாதங்களைக் கேட்கப் பிடிக்கும் என்றால் நகர மாட்டீர்கள். கண்ணுக்கு விருந்து தேடும் நாளில் வேண்டாம்." இதைக் கேட்பவரால் இன்று இரவே அதைப் பார்ப்பதா, தள்ளிவைப்பதா என்று தானே முடிவு செய்ய முடியும். நீங்கள் கூர்ந்து கவனித்த ஒன்றையும் சேர்த்தால் இன்னும் நன்று. அந்தப் படத்தில் கேமரா முதலில் கண்மட்டத்துக்கு மேலிருந்து தொடங்கி, நேரம் ஆக ஆகக் கீழே இறங்கி, இறுதியில் அறையின் கூரை தெரியும்படி அண்ணாந்து பார்க்கும். சுவர்கள் நெருங்கி வருவதுபோன்ற இறுக்கத்தை அது உண்டாக்கும். கதையில் எதையும் கெடுக்காமலேயே பார்ப்பவரின் ஆவலை இத்தகைய குறிப்பு தூண்டிவிடுகிறது.

வீட்டில் பார்ப்பதற்கென்றே சொல்ல வேண்டியவையும் சில உண்டு. இரவுக் காட்சிகள் நிறைந்த படத்தைப் பகல் வெளிச்சம் விழும் அறையில் பார்த்தால் தம் முகம்தான் திரையில் தெரியும்; இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும்படி சொல்லுங்கள். பேச்சு மெல்லியதாகவும் வெடியோசை பெரியதாகவும் ஒலிக்கும் படமென்றால், மற்றவர்கள் உறங்கும் நேரத்துக்கு ஹெட்போன் வேண்டும் என்று நினைவூட்டுங்கள். வேறு வேலை செய்துகொண்டே பார்க்கும் பழக்கம் உள்ளவருக்குச் சப்டைட்டிலை நம்பிய வேற்றுமொழிப் படத்தைச் சொல்லாதீர்கள். ஐந்து வரிகளைத் தவறவிட்டால் அவருக்குக் கதையே விட்டுப்போகும். நீளம் என்பதும் வீட்டில் அவ்வளவு பெரிய தடையன்று. 1954இல் வெளிவந்த 'செவன் சாமுராய்' 207 நிமிடங்கள் ஓடும் படம். அதற்குள்ளேயே ஓர் இடைவேளை இருப்பதால், அந்த இடத்தில் நிறுத்தி, மீதியை மறுநாள் பார்க்கலாம் என்று வழி சொன்னால் தயங்கியவரும் துணிவார். எந்தத் தளத்தில் படம் இருக்கிறது என்பதைச் சொல்லும் அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள், உரிம ஒப்பந்தம் முடிந்ததும் படங்கள் சொல்லாமல் கொள்ளாமல் நீக்கப்படுகின்றன.

மதிப்பெண்களை மேற்கோள் காட்டுவதில் கவனம் தேவை. விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றிருந்தால், விமர்சகர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் கொடுத்தார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். விமர்சகர்களில் எத்தனை சதவீதத்தினர் சாதகமாக எழுதினார்கள் என்பதையே அந்த எண் குறிக்கிறது. எல்லோரும் "பரவாயில்லை" என்று எழுதிய சாதாரணப் படம் மிக உயர்ந்த எண்ணைப் பெறலாம். பாதிப் பேர் கொண்டாடி, மீதிப் பேர் வெறுத்த துணிச்சலான படம் 50இல் நிற்கலாம். என் அனுபவத்தில், பல ஆண்டுகள் மனத்தில் தங்கிய படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆகவே எண்ணை விட்டுவிட்டு, உங்களை எந்தக் காட்சி அசைத்தது என்பதைச் சொல்லுங்கள்.

பிடிக்காத படத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே நேர்மை வேண்டும். "மொக்கை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அந்தப் படத்தை நேசிப்பவர் அதன்பின் உங்களிடம் வாய் திறக்க மாட்டார். முதல் பாதியில் அந்தப் பெண் எடுத்த முடிவுக்குக் காரணம் எனக்குப் புலப்படவில்லை என்று சொன்னால், காரணம் இன்ன காட்சியில் இருக்கிறது என்று அவர் காட்டக்கூடும், நீங்கள் மீண்டும் பார்க்கவும் கூடும்.

ஒரு முறைக்கு இரண்டு படங்களுக்கு மேல் சொல்லாதீர்கள். பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியலை வாங்கியவர் மீண்டும் தேர்வு செய்யும் தொல்லையில்தான் மாட்டிக்கொள்வார். சொன்ன பிறகு "பார்த்தீர்களா, பார்த்தீர்களா" என்று துரத்தவும் வேண்டாம். அவராகவே வந்து, பார்த்தேன், ஒத்துவரவில்லை என்று சொன்னால், படத்துக்காக வாதாடாமல், எந்த இடத்தில் மனம் விலகியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவருக்குப் படம் தேடும்போது அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கலாம்.