எண்ணம், முடிவு, வாக்கு: ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் வாலில் நாளைய காரியத்தைக் கட்டுவது எப்படி

தோட்ட முகாமையாளருக்கு எழுதும் கடிதம், சாதாரண தரப் பரீட்சைக் கட்டுரை, நுவரெலியா ஹோட்டலுக்கு அனுப்பும் வேலை விண்ணப்பம் என்று எதை எடுத்தாலும் நம் பிள்ளைகளின் ஆங்கிலம் அதிகமாகத் தடுக்கி விழுவது ஓர் இடத்தில்தான். 'தாதிப் படிப்புப் படிக்கும் எண்ணம்', 'தகரம் தருவதாகக் கொடுத்த வாக்கு', 'கொழும்புக்குப் போவதில்லை என்ற முடிவு' போன்றவற்றைச் சொல்லும் இடம் அது. தமிழில் செய்யப்போகும் காரியம் முன்னால் வரும், பெயர்ச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் முந்திக்கொள்ளும், காரியம் அதன் வாலாகப் பின்னால் தொங்கும்.

இந்த இடமாற்றம் பெரும்பாலோருக்குத் தெரியும். பிழை அடுத்த அடியில் வருகிறது. நாளை நடக்கப்போகும் காரியம் என்பதால் 'வில்' போட்டே ஆகவேண்டும் என்று நினைத்து, 'மை பிளான் தட் ஐ வில் கோ' என்று எழுதிவிடுகிறார்கள். 'பிளான்', 'டிசிஷன்' போன்ற சொற்கள் நாளையைத் தம் வயிற்றிலேயே சுமப்பவை. அவற்றுக்குப் பின்னால் இன்னொரு எதிர்காலச் சொல் தேவையில்லை. வால் மூன்று வகைப்படும்: 'டு' போட்டு வினையின் அடிவடிவம், 'ஒஃப்' போட்டு 'இங்' வடிவம், 'தட்' போட்டு முழு வாக்கியம். எந்த வால் என்பதைப் பெரும்பாலும் பெயர்ச்சொல்லே தீர்மானிக்கிறது. ஆகவே புதிய சொல்லைப் படிக்கும்போதே வாலோடு சேர்த்துப் படித்து, கொப்பியிலும் அப்படியே எழுதிவையுங்கள்.

'டு' வால்

பிளான், டிசிஷன், ப்ராமிஸ், ஒஃபர், ரெஃப்யூசல், அட்டெம்ப்ட், அக்ரீமென்ட், விஷ் ஆகியவை இந்த வாலை ஏற்பவை. 'மை டிசிஷன் டு ஸ்டடி நர்சிங்', 'ஹிஸ் ஒஃபர் டு ஹெல்ப்'. 'டு'வுக்குப் பின்னால் வினையின் அடிவடிவம் மட்டுமே வரும். 'டு ஸ்டடியிங்', 'டு வில் ஸ்டடி', 'டு ஸ்டடீட்' மூன்றும் பிழை.

வாக்கியம் எந்தக் காலத்தில் இருந்தாலும் இந்த வால் மாறாது. தேயிலைத் தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867இல், 19 ஏக்கரில். அதைச் சொல்லும்போதும் 'ஹிஸ் அட்டெம்ப்ட் டு க்ரோ டீ பிகேன் இன் 1867' என்றுதான் எழுதுவோம். 'டு க்ரூ' என்று இழுத்துவிடாதீர்கள். ரயில் பாதை பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இல். 'த பிளான் டு எக்ஸ்டெண்ட் த லைன் டு பதுளை' என்பதில் 'டு' இரண்டு முறை வருகிறதே என்று சிலர் ஒன்றை வெட்டிவிடுகிறார்கள். முதல் 'டு' வினைக்கு, இரண்டாவது இடத்துக்கு. இரண்டும் வேண்டும்.

'மாட்டேன்', 'இல்லை' என்று மறுக்கும்போது 'நொட்' என்பதை 'டு'வுக்கு முன்னால் வையுங்கள்: 'மை டிசிஷன் நொட் டு கோ டு கொலம்போ'.

ஆசைப்படுபவர் ஒருவர், செய்யவேண்டியவர் இன்னொருவர் என்றால் நடுவே 'ஃபோர்' வரும். 'நான் ஆசிரியையாக வேண்டும் என்ற அம்மாவின் ஆசை' என்பது 'மை மதர்ஸ் விஷ் ஃபோர் மீ டு பிகம் எ டீச்சர்'. 'ஃபோர் மீ' விடுபட்டால் அம்மா தானே ஆசிரியையாக விரும்புகிறார் என்று அர்த்தம் மாறிவிடும். விண்ணப்பத்தில் தம்மைப் பற்றிய தனிக்கூற்று எழுதும் பிள்ளைகள் இந்த வரியைத் திரும்ப ஒருமுறை பார்ப்பது நல்லது.

'ஒஃப்' வால், அதில் உள்ள பொறிகள்

கவனம் அதிகம் வேண்டிய பகுதி இது. வினையாக வரும்போது ஒரு வாலையும், பெயராக வரும்போது வேறொரு வாலையும் கேட்கும் சொற்கள் இருக்கின்றன. 'ஐ ஹோப் டு கெட் எ ஜொப்' சரி, ஏனென்றால் அங்கே 'ஹோப்' வினை. பெயராக்கினால் 'மை ஹோப் ஒஃப் கெட்டிங் எ ஜொப்'. 'மை ஹோப் டு கெட்' என்பது காதுக்கு ஒட்டாது. ஆனால் நடுவில் 'இஸ்' வந்துவிட்டால் கதை வேறு: 'மை ஹோப் இஸ் டு கெட் எ ஜொப்' மிகச் சரி.

'ஐடியா', 'பொசிபிலிட்டி' இரண்டும் 'ஒஃப்' பக்கம்தான். 'த ஐடியா ஒஃப் ஓப்பனிங் எ ஷொப் இன் ஹட்டன்', 'த பொசிபிலிட்டி ஒஃப் கெட்டிங் எ லோன்'. 'பொசிபிலிட்டி டு கெட்' என்பது விண்ணப்பங்களில் அடிக்கடி காணும் பிழை.

'சான்ஸ்' இரண்டு வாலையும் ஏற்கும், அர்த்தம்தான் வேறு. 'எ சான்ஸ் டு ப்ளே' என்றால் விளையாடக் கிடைத்த சந்தர்ப்பம். 'எ சான்ஸ் ஒஃப் வின்னிங்' என்றால் வெல்லக்கூடும் என்ற நிலை. சந்தர்ப்பமா, சாத்தியமா என்று தமிழில் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் எந்த வால் என்று தெளிந்துவிடும்.

'இன்டென்ஷன்' கடிதங்களுக்கு ஏற்ற சொல். 'மை இன்டென்ஷன் டு அப்ளை', 'மை இன்டென்ஷன் ஒஃப் அப்ளையிங்' இரண்டும் செல்லும். ஆனால் 'நோ', 'எவ்ரி', 'வித் த' ஆகியவற்றோடு 'ஒஃப்'தான் இயல்பு: 'ஐ ஹேவ் நோ இன்டென்ஷன் ஒஃப் லீவிங்', 'வித் த இன்டென்ஷன் ஒஃப் சேவிங் மணி'.

'தட்' வால்

காரியத்தைச் செய்யப்போகிறவர் யார் என்று வாலுக்குள்ளேயே சொல்ல வேண்டியிருக்கும்போது இது உதவும். 'வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை', 'தகரம் தருவோம் என்ற வாக்கு'. 'வில்'லுக்கு இடம் இங்கேதான் உண்டு. 'த ஹோப் தட் ஐ வில் கெட் எ ஜொப்'. முக்கிய வினை இறந்தகாலமானால் 'வில்' பொதுவாக 'வுட்' ஆகும்: 'ஹி மேட் எ ப்ராமிஸ் தட் ஹி வுட் கம்'. வாக்கு இன்னும் நிற்கிறது, காரியம் இனிமேல்தான் நடக்க வேண்டும் என்றால் 'வில்'லை அப்படியே விடுவதும் தவறல்ல.

'தட்' இரண்டு வேலை செய்கிறது. அதைப் பிரித்தறிய 'என்ற' நமக்குக் கைகொடுக்கிறது, இது தமிழ் தெரிந்தவருக்குக் கிடைத்த வசதி. 'அவர் கொடுத்த வாக்கு' என்பதில் 'என்ற' இல்லை. ஆங்கிலத்தில் 'த ப்ராமிஸ் தட் ஹி மேட்', இதில் 'தட்' இருக்கும் இடத்தில் 'விச்' போடலாம். 'வருவேன் என்ற வாக்கு' என்பதில் 'என்ற' இருக்கிறது. ஆங்கிலத்தில் 'த ப்ராமிஸ் தட் ஹி வுட் கம்', இங்கே 'விச்' போடவே முடியாது. ஒரு விலக்கு மட்டும் உண்டு: 'படிக்க வேண்டும் என்ற ஆசை' போல, விரும்புபவரும் செய்பவரும் ஒருவரே என்றால் 'என்ற' இருந்தாலும் 'டு' வாலே பொருந்தும்.

'தட்' வாலுக்குள் 'வென்', 'இஃப்', 'பிஃபோர்' வந்தால் அவற்றின் பின்னால் 'வில்' வராது. 'ஹிஸ் ப்ராமிஸ் தட் ஹி வில் கம் வென் த ஸ்கூல் க்ளோசஸ்'. 'வென் த ஸ்கூல் வில் க்ளோஸ்' என்று எழுதினால் அந்த வரிக்குப் புள்ளி போய்விடும்.

'சஜெஷன்', 'ப்ரொபோசல்' இரண்டின் 'தட்' வாலில் 'வில்'லுக்குப் பதில் 'ஷுட்' போடுவதே பாதுகாப்பு: 'த சஜெஷன் தட் த ரோட் ஷுட் பி ரிப்பேர்ட்'.

இன்னொரு 'டு'

'நிரப்ப ஒரு படிவம்', 'இருக்க ஒரு வீடு' என்பவையும் இனிச் செய்யவேண்டிய காரியங்கள்தான். ஆனால் இங்கே பெயர்ச்சொல்லே அந்த வினையின் செயப்படுபொருள். ஆகவே 'எ ஃபோர்ம் டு ஃபில் இன்' என்று நிறுத்துங்கள், 'ஃபில் இட் இன்' வேண்டாம். 'எ ஹவுஸ் டு லிவ் இன்' என்பதில் கடைசி 'இன்' கட்டாயம். தமிழில் அந்த 'இல்' மறைந்துவிடுவதால் ஆங்கிலத்திலும் அதை விழுங்கிவிடுகிறோம்.

ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்ப்போம்

லயத்துக் கூரை ஒழுகுகிறது, தோட்டத்திடம் தகரம் கேட்க வேண்டும். முதலில் எழுதியது இப்படி:

'ஐ ஹேவ் எ பிளான் தட் ஐ வில் ரிப்பேர் மை ரூஃப் பிஃபோர் த ரெயின் வில் ஸ்டார்ட். யூ மேட் எ ப்ராமிஸ் டு த எஸ்டேட் வில் கிவ் டுவெல்வ் ஷீட்ஸ். ஐ ரைட் வித் த ஹோப் டு கெட் தெம்.'

முதல் வாக்கியத்தில் திட்டம் போட்டவரும் கூரை வேய்பவரும் ஒருவரே, ஆகவே 'தட்' போய் 'டு' வரும், தொடக்கமும் 'மை பிளான் இஸ்' ஆகட்டும். 'பிஃபோர்' பின்னால் உள்ள 'வில்' விழும். இரண்டாவதில் வாக்குக் கொடுத்தவர் முகாமையாளர், தகரம் தரவேண்டியது தோட்டம். ஆள் வேறு, ஆகவே 'டு' போய் 'தட்' வரும். மூன்றாவதில் 'ஹோப்' பெயராக நிற்கிறது, ஆகவே 'ஒஃப்'. கடிதத்தில் இது 'இன் த ஹோப் ஒஃப்' என்றே வழங்கும். 'ஐ ரைட்' என்பதும் 'ஐ ஆம் ரைட்டிங்' ஆகட்டும்.

'மை பிளான் இஸ் டு ரிப்பேர் மை ரூஃப் பிஃபோர் த ரெயின் ஸ்டார்ட்ஸ். யூ மேட் எ ப்ராமிஸ் தட் த எஸ்டேட் வுட் கிவ் டுவெல்வ் ஷீட்ஸ். ஐ ஆம் ரைட்டிங் இன் த ஹோப் ஒஃப் கெட்டிங் தெம் சூன்.'

ஹட்டன், தலவாக்கலை பக்கம் தென்மேல் பருவ மழை மே மாதத்தில் இறங்கிவிடும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் 'சூன்' என்பதை எடுத்துவிட்டு 'பிஃபோர் மே' என்று எழுதிக்கொள்ளலாம்.