டைமிங் குறி ஆடுகிறதா? டிஸ்ட்ரிபியூட்டரை உடனே திருப்பாதீர்கள்

அப்பா விட்டுப்போன 1983 அம்பாசிடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் வண்டி எங்களுடையது. போன வருஷம் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது இழுவையே இல்லை. ஐடிலிங்கில் ஒரு நிமிஷம் சீராக ஓடும், மறு நிமிஷம் தும்மும். பட்டறையில் கார்புரேட்டரை இரண்டு தடவை சர்வீஸ் செய்தார்கள். இரண்டு தடவையும் டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் பாகம்) கொஞ்சம் திருப்பியும் விட்டார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான். டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், ஓரிடத்தில் நிற்காதபோது திருப்பிப் பிரயோஜனமில்லை. ஆடுவது எது என்று பார்த்த பிறகுதான் திருப்ப வேண்டும்.

ஒரு டைமிங் லைட் வேண்டும். பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு அது; ஓடும் எஞ்சினின் புல்லியில் அடித்தால் குறி நிற்பதுபோலத் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வாக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடையுங்கள். கிராங்க் புல்லியில் இருக்கும் காடியில் சாக்பீஸ் தேயுங்கள். லைட்டின் கிளிப்பை ஒன்றாம் சிலிண்டர் பிளக் ஒயரில் மாட்டுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நான் குனிவேன், ஃபேன் அவ்வளவு பக்கத்தில் சுற்றுகிறது.

வெளிச்சமே விட்டுவிட்டு வந்தால் அது மிஸ்ஸிங், தீப்பொறியே தவறுகிறது. காயில், கண்டன்சர், ஒயர் பக்கம் போங்கள். வெளிச்சம் சீராக வந்து, வெள்ளைக் கோடு மட்டும் முன்னும் பின்னும் ஓடினால் டைமிங்தான் ஆடுகிறது.

அடுத்து கிளிப்பை நாலாம் ஒயருக்கு மாற்றுங்கள். ஒன்றும் நாலும் சேர்ந்தே மேலே வரும் பிஸ்டன்கள், ஆகவே கோடு அதே இடத்தில் தெரிய வேண்டும். தள்ளித் தெரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலோ அதில் மேடாக இருக்கும் கேமிலோ தேய்மானம். எங்கள் வண்டியில் தள்ளித்தான் தெரிந்தது.

எஞ்சினை நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளே கேம் தள்ளித் திறக்கும் சுவிட்ச்தான் பாயிண்ட்; அது திறக்கும்போதுதான் பொறி விழும். பாயிண்ட் முழுசாகத் திறந்திருக்கும்படி வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டால் 0.40 மி.மீ. தண்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தேன், 0.30 தகடுகூட நுழையவில்லை. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் ரிடார்ட் ஆகும். கூடினால் அட்வான்ஸ். தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இங்கே 1 டிகிரி பிசகினால் கிராங்கில் 2 டிகிரி.

தண்டில் ஆட்டம் இல்லையென்றால் தண்டின் உச்சியில் இருக்கும் ரோட்டாரை அது சுற்றும் திசையில் திருகி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அட்வான்ஸ் வெயிட் (வேகம் கூடும்போது டைமிங்கை முன்னால் தள்ளும் எடை) இறுகியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஐடிலிங்கை நன்றாகக் குறைத்ததும் கோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் ஸ்பிரிங்தான்.

பாயிண்ட் உட்காரும் தட்டையும் அசைத்துப் பாருங்கள். அதிலிருந்து பாடிக்குப் போகும் குட்டி எர்த் ஒயர் வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே இழை அறுந்திருக்கும். மெதுவாக இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக டைமிங் செயின், கிராங்கிலிருந்து கேம்ஷாஃப்ட்டைச் சுற்றும் சங்கிலி. பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். புல்லி நன்றாக நகர்ந்த பிறகும் ரோட்டார் அசையாமல் நின்றால் செயினிலோ டிரைவ் கியரிலோ தொய்வு.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு சுற்றும் புஷ்ஷை லேத் பட்டறையில் கழற்றினோம். அந்தப் பழைய புஷ்ஷின் துளை வட்டமாகவே இல்லை, முட்டை வடிவில் இருந்தது. புதுப் புஷ் போட்டு, பாயிண்டை 0.38-ல் வைத்து லைட்டைப் பிடித்தேன். வெள்ளைக் கோடு அசையாமல் நின்றது. அதன் பிறகுதான் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, கையேட்டில் சொன்ன டிகிரியில் வைத்து கிளாம்ப்பை இறுக்கினேன்.