படம் வரைந்து மனதை ஆற்றும்போது செய்யக்கூடாதவை

"ரொம்ப அழகா வரைஞ்சிருக்கீங்க!" நோயில் கிடப்பவர் வரைந்ததைப் பார்த்ததும் வாயில் வருகிற இந்தப் பாராட்டே முதல் தவறு. அடுத்த தாளில் அவர் தன் மனதில் இருப்பதை விட்டுவிட்டு, நமக்குப் பிடித்ததை வரைய ஆரம்பித்துவிடுவார்.

இதைவிட மோசம், படத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது. தாள் முழுக்கக் கறுப்பு என்றதும் "மனசுல என்ன குறை?" என்று துருவுகிறோம். கறுப்பு கிரேயான் கைக்கருகில் கிடந்திருக்கலாம். இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் 1946 முதல் ஓவியக்கூடம் நடத்திய எட்வர்ட் ஆடம்சன், நோயாளிகளின் படங்களுக்குத் தானாக விளக்கம் சொல்லாமல், அவர்கள் நிம்மதியாக வரைய இடம் கொடுத்தார். "இதைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் சரி, விட்டுவிடுங்கள். அவரைக் கேட்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது.

"எனக்கு வரைய வராது" என்று ஒதுங்கவும் வேண்டாம். 2016இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் இஷ்டப்படி ஏதாவது கலைப்பொருள் செய்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தோடு கூடும் கார்டிசால் ஹார்மோன் குறைந்தது. முன்அனுபவம் இருந்ததா இல்லையா என்பது வித்தியாசம் காட்டவில்லை. சிறிய ஆய்வுதான். மீதிக் கால்வாசிப் பேரையும் நினைத்துப் பாருங்கள்: பிடிக்காதவரை வற்புறுத்தாதீர்கள்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாட்டர்கலர் தன் இஷ்டத்துக்கு ஓடும், பரவும். பதற்றத்தில் இருப்பவருக்கு அது இன்னும் பதற்றம் தரலாம். பென்சிலோ ஸ்கெட்ச் பேனாவோ சொன்னபடி கேட்கும். கை நடுங்குகிறவருக்குத் தூரிகைக் காம்பில் ஸ்பாஞ்சைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுங்கள், பிடிப்பு கிடைக்கும். ஆஸ்துமா உள்ளவர் பக்கத்தில், பெயின்ட்டைக் கரைக்கும் டர்பென்டைன் வேண்டாம். கீமோ சிகிச்சையில் இருப்பவருக்குக் களிமண் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

விபத்து, சாவு, வன்முறை பார்த்தவரிடம் "நடந்ததை வரைங்க" என்று சொல்லாதீர்கள். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இல்லாமல் அந்தக் காயத்தைக் கிளறினால் மூடத் தெரியாது.

அப்புறம், வரைவதை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் தவறு. 1942இல் இந்தச் சிகிச்சைக்கு 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்த ஏட்ரியன் ஹில்கூட, காசநோய்க்காகச் சானடோரியத்தில் சிகிச்சையில் இருந்தபடியே வரைந்தவர். வரைய வரைய அழுகையோ தூக்கமின்மையோ கூடினால் தாளை எடுத்து வைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். இந்தியாவில் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐக் கூப்பிடலாம்.