சிற்றிதழுக்குப் படைப்பு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இதழைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அதற்குப் படைப்பு அனுப்புவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன. மரபுக்கவிதையே வெளியிடாத இதழுக்கு வெண்பாவும், சிறுகதைக்கு நான்கு பக்கம் ஒதுக்கும் இதழுக்குக் குறுநாவலும் போய்ச் சேர்வது இதனால்தான். சந்தா கட்ட மனமில்லாதவர்கள் நூலகத்திலாவது பழைய இதழ்கள் இரண்டைப் படித்துவிட்டு அனுப்பலாம்.

நல்ல இதழ் என்றால் சென்னையிலிருந்துதான் வரவேண்டும் என்ற எண்ணம் சேலத்துக்காரர்களிடம் இருப்பது வியப்புக்குரியது. நவீனக் கவிதைக்கும் நாடகத்துக்கும் இடம் தந்த ‘நடை’ 1968-இல் சேலத்திலிருந்துதான் வெளிவரத் தொடங்கியது. அதை நடத்திய கவிஞர் சி. மணி ஆசிரியப் பணியில் இருந்தவர். ஞானக்கூத்தனின் தொடக்கக் காலக் கவிதைகள் அதில் வந்தன. உள்ளூர் இதழ் என்பதற்காக, வேறெங்கும் போகாத படைப்பை அதன் தலையில் கட்டுவது சரியன்று.

ஏற்காட்டைக் களமாகக் கொண்ட கதைகளில் வேறொரு தவறு நேர்கிறது. கோடை விழாவுக்காக மே மாதம் மலையேறி வந்தவர், அதே மே மாதத்தில் தோட்டத்துப் பெண்கள் கூடை நிறையச் சிவந்த காப்பிப் பழம் பறிப்பதாக எழுதிவிடுகிறார். சேர்வராயன் மலையில் கோடை மழையை ஒட்டிக் காப்பி பூக்கும். அறுவடை நவம்பர் வாக்கில் தொடங்கும். மே மாதத்தில் செடியில் இருப்பது பச்சைப் பிஞ்சு. பிழை சிறியதுதான். ஆனால் மலையை அறிந்த வாசகர் அந்த வரிக்குப் பிறகு கதையில் வரும் துயரத்தையும் நம்பமாட்டார். பனிமூட்டத்தை எத்தனை பத்திக்கு நீட்டி எழுதினாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

தட்டச்சில், பழைய எழுத்துருக்களைத் தவிர்த்து யூனிகோடில் அனுப்பவேண்டும். இல்லையேல் ஆசிரியரின் கணினியில் வெறும் கிறுக்கலே தெரியும். கவிதையை வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பினால், கைப்பேசித் திரையின் அகலத்துக்கேற்ப நீண்ட அடிகள் மடங்கிவிடுவதால், அடி எங்கே முடிகிறது என்பதை ஆசிரியர் ஊகிக்க வேண்டியிருக்கும். வேர்டு கோப்பில் அனுப்பி, அடிகள் பிரியும் இடத்தைக் காட்டும் பிடிஎஃப் ஒன்றையும் இணைப்பது நல்லது. ஓவியத்துக்கோ வாட்ஸ்அப் இன்னும் மோசம். அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. ஆறு அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் அச்சிட, படம் 1800 புள்ளி அகலமாவது இருக்கவேண்டும். குழல்விளக்கின் கீழே சாய்வாக எடுத்த படத்தில் நீர்வண்ணத்தின் மென்மை முழுவதும் போய்விடும்; பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேராக நின்று எடுக்கவேண்டும்.

கதையின் உட்பொருளை விளக்கும் கடிதம் தேவையில்லை. ஃபேஸ்புக்கில் ஏற்கெனவே வெளியிட்ட கவிதையைப் பல இதழ்கள் பிரசுரமானதாகவே கருதுகின்றன. அதை மறைப்பது பிறகு மனக்கசப்பில் முடியும். ஒரே கதையைச் சொல்லாமல் மூன்று இதழ்களுக்கு அனுப்புவது இதைவிடக் கெடுதலானது. சிற்றிதழ் ஆசிரியர்கள் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே, கைக்காசைப் போட்டு இதழ் நடத்துகிறார்கள். பக்கம் கட்டி அச்சுக்குப் போனபின் அதே கதை வேறோர் இதழில் வந்திருப்பது தெரிந்தால், அந்தப் பக்கங்களை மீண்டும் கட்டும் செலவு அவர்களுடையதே. மூன்று மாதம் பொறுத்தும் பதில் வராவிட்டால், கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதிவிட்டு வேறிடத்துக்கு அனுப்பலாம்.