ரெட் ஃபுட்டேஜை ரிசால்வில் கன்ஃபார்ம் செய்து கலர் பண்ணுவது எப்படி?

எடிட் லாக் ஆகிவிட்டது. இனி ஒரு ஃபிரேமைக்கூடத் தொட மாட்டேன் என்று இயக்குநர் சத்தியமே செய்துவிட்டார். (நம்பாதீர்கள். டைம்லைனை ஒரு பிரதி எடுத்து, பெயரில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.) அடுத்து டிஐ, அதாவது நிறங்களைத் திருத்திப் படத்துக்கு இறுதி வடிவம் தரும் வேலை. ப்ராக்ஸியில் (எடிட்டுக்காக எடுத்த இலகுவான பிரதியில்) வெட்டியதை, கேமராவின் அசல் ரா கோப்புகளோடு பொருத்திவிட்டுத்தான் கலருக்குப் போக முடியும். குறும்பட நண்பர்கள் கன்ஃபார்ம் எனப்படும் இந்தப் பொருத்தும் வேலையை அரை மணி நேரத்தில் தாண்டப் பார்க்கிறார்கள். கலர் பாதி முடிந்த பிறகு ஏதோ ஒரு ஷாட்டில் வேறு டேக் உட்கார்ந்திருப்பது தெரியவரும்.

ரெட் கேமராவில் எடுத்து, ப்ரீமியர் ப்ரோவில் எடிட் செய்து, டாவின்சி ரிசால்வில் கலர் செய்வது என்ற வரிசையில் சொல்கிறேன். நான் புழங்குவது அதில்தான். ரிசால்வின் இலவசப் பதிப்பே பழகப் போதும். ஆனால் யுஹெச்டிக்கு (3840 x 2160) மேல் வெளியே எடுக்க முடியாது, நாய்ஸ் ரிடக்‌ஷனும் கிடையாது.

எடிட் மெஷினில் முடிக்க வேண்டியவை

பிரதி எடுத்த டைம்லைனில் அணைத்து வைத்த கிளிப்புகளை நீக்குங்கள். மல்டிகேமை ஃபிளாட்டன் செய்யுங்கள். நெஸ்ட்களை (டைம்லைனுக்குள் அடங்கிய குட்டி டைம்லைன்களை) பிரித்துவிடுங்கள். அட்ஜஸ்ட்மென்ட் லேயர், எடிட்டர் ஆசைக்குப் போட்ட லுமெட்ரி கலர் திருத்தம் எல்லாம் போகட்டும். படத்தை முடிந்தவரை ஒன்றிரண்டு டிராக்கில் இறக்குங்கள். முழுக்க ஒரே அளவில் வேகம் கூட்டிய, குறைத்த ஷாட்டுகள் எக்ஸ்எம்எல்லில் (வெட்டுகளின் விவரத்தை ரிசால்வுக்குக் கொண்டுபோகும் கோப்பில்) பெரும்பாலும் வந்துவிடும். ஷாட்டுக்குள்ளேயே வேகம் ஏறி இறங்கும் ஸ்பீடு ராம்ப் இருந்தால் மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பிறகு ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ்எம்எல்லாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பழைய வெட்டுப் பட்டியல் வடிவமான இடிஎல் வேண்டாம் என்பேன். ஒரு வீடியோ டிராக்குக்கு மேல் தாங்காது, ரீல் பெயருக்கு (கிளிப் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அடையாளத்துக்கு) எட்டு எழுத்துதான் இடம்.

கூடவே முழுப்படத்தையும் டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமின் நேர எண்) படத்தின் மேலேயே பதிந்த ஒரே மூவியாக எடுத்துக்கொள்ளுங்கள். தரம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. இந்த ரெஃபரன்ஸ் இல்லாமல் கன்ஃபார்மில் உட்காரவே உட்காராதீர்கள்.

ரிசால்வில் முதல் வேலை

புது ப்ராஜெக்ட் திறந்ததும், மீடியா எதையும் உள்ளே விடுவதற்கு முன், டைம்லைன் ஃபிரேம் ரேட்டைச் சரியாக வையுங்கள். மீடியா உள்ளே வந்துவிட்டால் அந்த எண் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ரெட் ஃபோல்டர்களை மொத்தமாக மீடியா பூலில் போடுங்கள். ஒரு நீளமான டேக் _001, _002 என்று பல ஆர்3டி (ரெட்டின் ரா கோப்பு) துண்டுகளாக உடைந்திருக்கும். அவற்றை இடம் மாற்றவோ, பெயர் மாற்றவோ கூடாது. ரிசால்வ் அவற்றை ஒரே கிளிப்பாகக் காட்டும்.

ரீல் பெயர்: இங்கேதான் மாட்டுவார்கள்

இரண்டு கேமரா வைத்து எடுத்த காட்சி என்று வைத்துக்கொள்வோம். சவுண்ட் ஆள் காலையிலேயே இரண்டையும் ஜாம் சிங்க் செய்திருப்பார். அதாவது ஏ கேமராவிலும் பி கேமராவிலும் ஒரே நேரத்தில் ஒரே டைம்கோடு ஓடுகிறது. மென்பொருள் டைம்கோடை மட்டும் பார்த்துப் பொருத்தினால், 10:42:17:08 என்ற ஃபிரேமுக்கு இரண்டு கிளிப்புகளுமே தகுதியானவை. நாயகியின் க்ளோசப் இருக்க வேண்டிய இடத்தில் வைடு ஷாட் வந்து உட்காரும். சிவப்பு எச்சரிக்கை வராது, மீடியா ஆஃப்லைன் என்றும் காட்டாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

இதைத் தடுப்பது ரீல் பெயர். ரெட் கோப்பின் பெயர் A002_C014_0815XY என்ற மாதிரி இருக்கும்: கேமரா எழுத்து, ரீல் எண், கிளிப் எண், மாதமும் நாளும், கடைசியில் இரண்டு எழுத்து. இந்தப் பெயர் ப்ராக்ஸியிலும் அப்படியே இருக்க வேண்டும். "சீன் 12 டேக் 3" என்று யாராவது அன்பாகப் பெயர் மாற்றியிருந்தால் அங்கேயே சங்கிலி அறுந்துபோகும். சீன், டேக் விவரத்தை மெட்டாடேட்டாவில் எழுதச் சொல்லுங்கள்.

ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், ஜெனரல் ஆப்ஷன்ஸ் போய், கன்ஃபார்ம் ஆப்ஷன்ஸில் ரீல் பெயர் உதவியை இயக்கி, சோர்ஸ் கிளிப் ஃபைல்நேமைத் தேர்ந்தெடுங்கள். இப்போது எக்ஸ்எம்எல்லை இறக்குங்கள். வரும் பெட்டியில் சோர்ஸ் கிளிப்புகளைத் தானாக இறக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ப்ராக்ஸிகள் உள்ளே வந்துவிடும். கோப்பு எக்ஸ்டென்ஷனைப் புறக்கணிக்கும் டிக் இருக்கட்டும். ப்ராக்ஸி எம்ஓவி, அசல் ஆர்3டி அல்லவா?

அடுத்து ரெஃபரன்ஸ் மூவியை ஆஃப்லைன் ரெஃபரன்ஸாகச் சேர்த்து டைம்லைனோடு இணைத்துவிடுங்கள். எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. ரெஃபரன்ஸை மேல் டிராக்கில் வைத்து, காம்போசிட் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றுவேன். பொருந்தும் ஷாட் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும். ப்ராக்ஸிக்கும் ராவுக்கும் நிறம் வேறு என்பதால் மங்கலான சாயல் மிஞ்சும், அது பரவாயில்லை. ஒரு ஃபிரேம் தள்ளியிருந்தாலும் அசையும் பொருட்களின் ஓரத்தில் இரட்டைக் கோடு தெரிந்துவிடும்.

ஃபிரேமிங் மாறியிருந்தால் ஸ்கேலிங்கைப் பாருங்கள். 6144 பிக்சல் அகல ரா கோப்பு 1920 டைம்லைனில் அடங்க 31.25 சதவீதமாகச் சுருங்க வேண்டும். ப்ரீமியரில் செட் டு ஃபிரேம் சைஸ் கொடுத்திருந்தால் அந்த எண் எக்ஸ்எம்எல்லில் வரும். ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ் கொடுத்திருந்தால் வராது. படம் தபால்தலை அளவுக்குக் குறுகியிருந்தால் இரண்டு முறை சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். இன்புட் ஸ்கேலிங்கை சென்டர் கிராப்புக்கு மாற்றிப் பாருங்கள்.

இனி கலர்

கேமரா ரா பகுதியில் கலர் ஸ்பேஸை ரெட் வைடு காமட் ஆர்ஜிபி, காமாவை லாக்3ஜி10 (ரெட்டின் லாக் வளைவு) என வையுங்கள். கடைசி நோடில் (நோடு என்பது திருத்தங்களை வரிசையாக அடுக்கும் கட்டம்) கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் போட்டு, வெளியீட்டை ரெக்.709, காமா 2.4 ஆக்குங்கள். உங்கள் கைவேலை எல்லாம் அதற்கு முன்னால் உள்ள நோடுகளில். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் LUT-களை (நிறங்களை மாற்றும் தயார் அட்டவணைகளை) தூக்கி முதல் நோடில் போடுவதை நான் வெறுக்கிறேன். அங்கே வெட்டுப்பட்ட ஹைலைட் பின்னால் வரும் எந்த நோடிலும் திரும்பி வராது. (ஆரி (ARRI) நிறுவனத்தின் அலெக்ஸா 35 கேமரா ஃபுட்டேஜ் என்றால் அதன் லாக் வளைவு லாக்சி4. பழைய அலெக்ஸாவின் லாக்சி3 அமைப்பை அதற்குப் போடாதீர்கள்.)

ஐஎஸ்ஓவும் ஒயிட் பேலன்ஸும் ராவில் வெறும் மெட்டாடேட்டாதான், எனவே முதலில் அங்கேயே திருத்துங்கள். லாக்3ஜி10-ல் 18 சதவீத கிரே, ஸ்கோப்பில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிற்கும். கிரே கார்டு எடுத்திருந்தால், டிரான்ஸ்ஃபார்மை அணைத்துவிட்டு அதைப் பார்த்தே எக்ஸ்போஷரை நிறுத்தலாம். பிறகு ஒரு காட்சிக்கு ஒரு ஷாட்டைத் தாய் ஷாட்டாக வைத்து கிரேடு செய்து, ஸ்டில் எடுத்து, மற்றவற்றை அதோடு வைப் (wipe, திரையைப் பிரித்து இரண்டையும் அருகருகே காட்டுவது) போட்டு ஒப்பிடுங்கள்.

முகத்துக்கு வெக்டர்ஸ்கோப்பில் (சாயலையும் செறிவையும் காட்டும் வட்ட வரைபடத்தில்) ஸ்கின் டோன் கோட்டைப் பாருங்கள். கறுப்போ சிவப்போ, சருமத்தின் சாயல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். மாறுவது வெளிச்சமும் செறிவும்தான். மாநிற முகத்தை "கொஞ்சம் ப்ரைட் பண்ணுங்க" என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒளிப்பதிவாளர் விட்ட நிழல் அங்கே இருக்கட்டும்.

தியேட்டருக்குப் போகும் படமென்றால் லேப்டாப் திரையை நம்பி முடிக்காதீர்கள். டிசிபிக்கு (தியேட்டருக்கு அனுப்பும் டிஜிட்டல் தொகுப்புக்கு) காமா 2.6, வெள்ளையின் வெளிச்சம் 48 நிட்ஸ். ஒரு ரீலையாவது ப்ரொஜெக்டரில் பார்த்துவிட்டு மாஸ்டர் எடுங்கள்.

பின்சேர்க்கை: "எல்லாம் பொருந்தியது, ஆனால் போகப் போக ஆடியோ விலகுகிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கேமராவில் 23.976, ப்ராஜெக்டில் 24. ஆயிரம் ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேம், அதாவது ஏறக்குறைய 42 நொடிக்கு ஒரு ஃபிரேம் விலகும். முதல் காட்சியில் தெரியாது, ஒரு மணி நேரத்தில் மூன்றரை நொடியைத் தாண்டிவிடும். டிஃபரன்ஸ் சோதனையைப் படத்தின் கடைசி ரீலிலும் ஒருமுறை ஓட்டுங்கள். விலகினால் ப்ராஜெக்டைப் புதிதாக 23.976-ல் தொடங்குங்கள். 24க்கு மாற்றுவதை டிசிபி எடுக்கும்போது, ஆடியோவையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம்.